கார் இஞ்சின் விமானத்தை இழுக்குமா?



திரிங்காப்பிலும் அதனை அடுத்த மலைச்சரிவுகளிலும் வாழ்கின்ற உங்களுக்குச் சிறிய இஞ்சின் என்பது புதிய பொருளன்று. தேயிலைச் செடிகளின் தலைக்கு மேலே இருவர் இரு பக்கமும் பிடித்து நகர்த்திச் செல்லும் கொழுந்து வெட்டும் மெஷினில் ஓர் இஞ்சின் இருக்கிறது. தோளில் மாட்டிப் புல் வெட்டுகிறோமே, அதிலும் ஒன்று இருக்கிறது. முதுகில் சுமந்து மருந்தடிக்கும் மெஷினிலும் ஒன்று உண்டு. இவை பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. பிஸ்டன் ஒருமுறை மேலே போய் ஒருமுறை கீழே வந்தால் ஒரு வேலை முடிந்துவிடும். இவற்றைவிடச் சிறிய இஞ்சின் ஒன்றைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் வேகத்தில் இவை எல்லாவற்றையும் மிஞ்சிவிடும். கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு வானொலி அலைகளால் ஓட்டுகிறார்களே பந்தயப் பொம்மைக் கார், அதில் இருக்கின்ற இஞ்சின் அது.

இப்படிப்பட்ட பந்தயக் கார்களை இப்போது பலரும் பேட்டரி மோட்டாருக்கு மாற்றிக்கொண்டு விட்டார்கள். அதனால் பழைய இஞ்சின்கள் மலிவாகக் கைமாறுகின்றன. விமானப் பித்துப் பிடித்த பிள்ளைகள் அதை வாங்கி, ஒரு புரொப்பெல்லரை மாட்டி, மாதிரி விமானத்தின் மூக்கில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம். ஆனால் புரொப்பெல்லரை மாட்டினால் மட்டும் வேலை முடிந்துவிடாது.

இஞ்சின் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஒருநாள் மருந்தடிக்கும் தொழிலாளி ஒருவர் தம் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் கார் இஞ்சின்.

“ஐயா, பெட்டியில ரெண்டு குதிரைச்சக்திக்கு மேலன்னு போட்டிருக்கு. ஆனா இழுக்கவே மாட்டேங்குது” என்றான் பையன்.

“இழுக்கலங்கறது கிடக்கட்டுங்க. இவன் அம்மா துணி எடுத்திட்டு உள்ள வந்த மறு நிமிஷம் அந்தக் கத்தி கழண்டு பறந்து போயி சிங்குத் தகடுல குத்தி நிக்குது. இதைத் தூக்கிப் போடச் சொல்லுங்க” என்றார் தந்தை.

இருவர் பேச்சிலும் உண்மை இருந்தது. இழுக்காததும் கழன்றதும் ஒரே காரணத்தால் வந்த வினைகள். அந்த இஞ்சின் எந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பையன் யோசிக்கவில்லை.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. கார் இஞ்சினும் விமான இஞ்சினும் ஒரே குடும்பம். 1934இல் அமெரிக்காவில் ‘பிரவுன் ஜூனியர்’ என்ற சிறிய இஞ்சின் மாதிரி விமானங்களுக்காக விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்து இஞ்சினுக்கு மோட்டார் சைக்கிளைப் போலப் பொறி உண்டாக்கும் பிளக், காயில், பேட்டரி எல்லாம் வேண்டியிருந்தது. பறக்கும் பொருளுக்கு அது பெரும் பாரம். 1940களின் பிற்பகுதியில் ரே ஆர்டன் என்பவர் ‘குளோ பிளக்’ என்னும் கனல் பிளக்கை விற்பனைக்குக் கொண்டு வந்தார். ஒரு மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருளைச் சிறிது நேரம் பேட்டரியால் சூடாக்கி இஞ்சினைக் கிளப்பிவிட்டால், பிறகு பேட்டரியை எடுத்துவிடலாம். எரியும் எரிபொருளின் வெப்பமே கம்பியைக் கனலாக வைத்திருக்கும். பாரம் குறைந்தது. வானொலிக் கட்டுப்பாட்டுக் கார்ப் பந்தயம் வளர்ந்த 1970களில், விமானத்துக்கென்று செய்த இஞ்சின்களையே எடுத்து, தலையில் பெரிய குளிர்விப்புத் தகடுகளைப் பொருத்திக் காரில் வைத்தார்கள். ஆகவே விமானத்திலிருந்துதான் இஞ்சின் காருக்குப் போயிற்று. போன இடத்தில் பல ஆண்டுகள் தங்கி, காரின் குணத்துக்கேற்ப மாறிவிட்டது. இப்போது அதைத் திரும்ப அழைத்து வருவதற்குத்தான் இத்தனை பாடு.

என்ன மாறியது? முதலாவது, வேகம். நல்ல பந்தயக் கார் இஞ்சின் நிமிடத்திற்கு முப்பதாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுற்றும். அதன் முழு வலிமையும் அந்த உச்சியில்தான் கிடைக்கும். பெட்டியில் அச்சடித்திருக்கும் குதிரைச்சக்தி அந்த வேகத்தில் அளந்தது. காரில் கிளச்சும் பற்சக்கரங்களும் இருப்பதால் அந்த வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்கு அனுப்பலாம். விமானத்தில் பற்சக்கரம் இல்லை. இஞ்சின் தண்டிலேயே புரொப்பெல்லர் உட்கார்ந்திருக்கிறது. தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லரும் ஒரு சுற்று.

ஒரு வாளித் தண்ணீரில் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். மெதுவாகத் துழாவினால் ஒன்றும் தெரியாது. வேகத்தைக் கூட்டக் கூட்டக் கை வலிக்கும். புரொப்பெல்லர் காற்றைத் துழாவுவதும் இப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு. ஆகவே எட்டங்குலப் புரொப்பெல்லர் ஒன்றைச் சின்னக் கார் இஞ்சினில் மாட்டினால், அது முப்பதாயிரத்தை எட்டவே எட்டாது. பாதி வழியில் மூச்சு முட்டி நின்றுவிடும். பாதி வேகத்தில் அந்த இஞ்சினுக்குச் சொந்தமான வலிமையோ மிகக் குறைவு. ஏனென்றால் அதன் புகைவழித் துளைகள் நீண்ட நேரம் திறந்திருக்கும்படி வெட்டப்பட்டவை. வேகமாக ஓடும்போது அது நன்மை. மெதுவாக ஓடும்போது எரிய வேண்டிய கலவையில் ஒரு பகுதி வீணாக வெளியே போகும். பையன் “இழுக்கவே மாட்டேங்குது” என்றானே, அதன் விளக்கம் இதுதான்.

அப்படியானால் மிகச் சிறிய புரொப்பெல்லரை மாட்டி முப்பதாயிரம் சுற்ற விடலாமே என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டங்குலப் புரொப்பெல்லரின் நுனி, நிமிடத்திற்கு 15,000 சுற்றில் மணிக்கு ஏறத்தாழ 575 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே புரொப்பெல்லர் எப்படியோ 30,000 சுற்றினால் நுனியின் வேகம் மணிக்கு 1,150 கிலோமீட்டர். ஒலியின் வேகத்தை நெருங்கிவிட்டது. கத்தி வேரோடு பிய்த்துக்கொள்ளப் பார்க்கும் விசை, வேகம் இரட்டிக்கும்போது நான்கு மடங்காகிறது. கடையில் வாங்குகிற சாதாரணப் பிளாஸ்டிக் புரொப்பெல்லரை அந்த விசைக்காக யாரும் செய்வதில்லை. அளவைக் குறைத்தால் நுனி வேகம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஐந்தங்குலக் கத்தி தள்ளும் காற்று, விமானத்தின் அகன்ற மூக்கில் மோதியே பாதி வீணாகிவிடும். ஆகவே நடுவழிதான் நல்லது. இரண்டரைக் கன சென்டிமீட்டர் அளவுள்ள இஞ்சினுக்கு ஏழு அல்லது எட்டங்குல விட்டமும் நான்கங்குலப் புரியும் உள்ள புரொப்பெல்லரில் தொடங்கலாம். புரி என்றால், திருகாணி மரத்தில் ஏறுவதுபோல, ஒரு சுற்றில் அது எவ்வளவு தூரம் முன்னே போக முயலும் என்ற அளவு. பெட்டியில் சொன்ன குதிரைச்சக்தியை மறந்துவிட வேண்டும். கார் வைத்திருந்தவர்கள் மாட்டியிருக்கும் நீண்ட வளைந்த புகைக்குழாயையும் கழற்றிவிட வேண்டும். அது உயர்ந்த வேகத்தின் எதிரொலிக்காக அளந்து செய்தது. இங்கே எளிய சைலன்சரே போதும்.

இரண்டாவது, தண்டு. பையன் செய்த தவறு இதிலேதான். காரில் இந்தத் தண்டின் முனையில் ஒரு பிளைவீல் இருக்கும். பித்தளைக் கூம்பு ஒன்று அதைத் தண்டோடு இறுக்கிப் பிடித்திருக்கும். அதன் மேல் கிளச்சும் அதைப் பிடிக்கும் நட்டும் இருக்கும். பையன் பிளைவீலையும் கிளச்சையும் கழற்றிவிட்டு, புரொப்பெல்லரை வெறும் தண்டில் செருகி, கிளச் நட்டையே போட்டு முறுக்கிவிட்டான். புரொப்பெல்லரின் பின்புறம் சாய்ந்து நிற்க அகலமான ஆதாரம் இல்லை. துளையும் தண்டும் சரியாகப் பொருந்தவில்லை. இஞ்சின் ஒருமுறை இடறி எதிர்த்து உதைத்தபோது புரொப்பெல்லர் வழுக்கியது, நட்டு தளர்ந்தது, பறந்துவிட்டது. மாதிரி விமான இஞ்சினைப் பார்த்தீர்களானால், தண்டில் புரொப்பெல்லருக்குப் பின்னே முகத்தில் கீறல் கீறலாக வெட்டிய வட்டமான உலோகத் துண்டு ஒன்று இருக்கும். புரொப்பெல்லரைக் கவ்விப் பிடிப்பது அதுதான். கார் இஞ்சினுக்கு அந்தத் துண்டைத் தனியே வாங்கவோ, கடைசல் பட்டறையில் அந்தத் தண்டின் கூம்புக்கும் மரைக்கும் சரியாகக் கடையவோ வேண்டும். முன்னே அகலமான வாஷர், அதன்மேல் சரியான நட்டு, அது தளராமலிருக்க இன்னொரு பூட்டு நட்டு. பற்றவைத்து ஒட்டுவது, துளையைப் பெரிதாக்கிக் காகிதம் சுற்றிச் செருகுவது, இவையெல்லாம் உயிரோடு விளையாடுவது. இந்தத் துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த இஞ்சினை விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இதிலே எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது.

மூன்றாவது, சூடு. தரையில் ஓடும் காருக்குக் காற்று குறைவு. உடலும் மூடியிருக்கும். அதனால் தலையிலே வரிவரியான தகடுகளைக் கிரீடம்போல் வைத்திருக்கிறார்கள். விமானத்தில் புரொப்பெல்லர் ஓயாமல் குளிர்ந்த காற்றை இஞ்சின் மீது வீசுகிறது. அந்தக் கிரீடம் அங்கே வீண் பாரம். சில வேளைகளில் இஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்துபோய் மந்தமாக ஓடும். நம் மலையின் காலை நேரக் குளிரில் இது நன்றாகவே தெரியும். சிறிய தலை கிடைத்தால் மாற்றலாம். கயிறு இழுத்துக் கிளப்பும் பெட்டி பின்னால் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு வெறும் மூடி போட்டுவிடலாம். பாரம் மிச்சமாகும்.

இந்த மாற்றங்களையெல்லாம் தொழிற்சாலையே செய்து காட்டியிருக்கிறது. ஜப்பானின் ஜெனோவா நிறுவனம் புல் வெட்டும் மெஷின் இஞ்சின்களுக்குப் பெயர் பெற்றது. 2007இல் சுவீடனின் ஹஸ்க்வார்னா அதை வாங்கிக்கொண்டது. அந்த நிறுவனத்தின் சுமார் 23 கன சென்டிமீட்டர் பெட்ரோல் இஞ்சின் ஒன்று மூன்று வேடம் போட்டிருக்கிறது. பெரிய பொம்மைக் காருக்கு வரும்போது கூட்டுக்குள் காற்று விசிறியோடும், கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டரோடும், கிளச்சோடும் வந்தது. பொம்மைப் படகுக்கு வரும்போது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறை வந்தது. விமானத்துக்கு வரும்போது கூடும் விசிறியும் போய், தண்டில் புரொப்பெல்லர் பிடிக்கும் துண்டு வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளே பிஸ்டன் ஓடும் தத்துவம் மூன்றுக்கும் ஒன்றுதான். சுமையும் குளிர்ச்சியும் மாறும்போது வெளியே எதெது மாற வேண்டும் என்பதை அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். புல் வெட்டும் மெஷினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது ஒரு கண்பார்வையில் விளங்கும்.

இனி எரிபொருள் தொட்டி. கார் எப்போதும் தரையோடு தரையாகப் போகிறது. விமானம் மூக்கைத் தூக்கும், தாழ்த்தும், தலைகீழாகவும் போகும். காரின் தொட்டியில் எரிபொருள் எடுக்கும் குழாய் ஒரு மூலையில் நிலையாக நிற்கும். விமானம் செங்குத்தாக ஏறும்போது எண்ணெய் பின்பக்கம் போய்விட, குழாய் காற்றைக் குடிக்கும், இஞ்சின் நின்றுவிடும். அதனால் விமானத் தொட்டியில் மென்மையான குழாயின் நுனியில் ஒரு சின்னப் பித்தளைக் குண்டு கட்டியிருக்கும். எண்ணெய் எந்தப் பக்கம் சாய்கிறதோ, குண்டும் அந்தப் பக்கம் விழும். கார் இஞ்சினின் கார்புரேட்டர் வாய் அகலமானது. உறிஞ்சும் விசை குறைவு. ஆகவே தொட்டியை இஞ்சினுக்கு நெருக்கமாக, கார்புரேட்டரின் ஊசி மட்டத்துக்கே வைக்க வேண்டும். சைலன்சரிலிருந்து ஒரு குழாய் போட்டுப் புகையின் அழுத்தத்தைத் தொட்டிக்குள் விடுவதும் அவசியம். கார்களில் இந்த அழுத்தக் குழாய் ஏற்கனவே இருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

எரிபொருளைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். கனல் பிளக் இஞ்சின் பெட்ரோலில் ஓடுவதில்லை. மெத்தனால் என்னும் சாராயம், நைட்ரோமீத்தேன், எண்ணெய் ஆகிய மூன்றும் கலந்தது அது. எண்ணெய் ஆமணக்கெண்ணெயாகவோ செயற்கை எண்ணெயாகவோ இருக்கும். காருக்கு விற்பதில் பொதுவாக நைட்ரோ அதிகம், எண்ணெய் குறைவு. விமானத்துக்கு விற்பதில் நைட்ரோ ஐந்து முதல் பதினைந்து விழுக்காடு, எண்ணெய் பதினெட்டு இருபது விழுக்காடு இருக்கும். சுமையோடு நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓடும்போது அந்தக் கூடுதல் எண்ணெய் பேரிங்கையும் பிஸ்டனையும் காக்கும். ஆகவே விமான எரிபொருளையே ஊற்றுங்கள்.

ஆனால் நான் நின்று பேச விரும்பியது அந்த மெத்தனாலைப் பற்றி. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். கண் பார்வை போவதும் சாவதும் அதன் விளைவுகள். அதே மெத்தனால்தான் இந்த டப்பாவில் இருக்கிறது. மினரல் வாட்டர் பாட்டிலில், சிரப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. நிறத்தைப் பார்த்து இனிப்புத் தண்ணீர் என்று பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள். அசல் டப்பாவிலேயே, பூட்டிய இடத்தில், சமையலறைக்கு வெளியே வையுங்கள். தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் என்பதால் கையில் பட்டால் கழுவிவிடுங்கள். இன்னொன்று, மெத்தனால் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது. தீ இல்லை என்று நினைத்துக் கையை நீட்டுவார்கள். இஞ்சினைக் கிளப்பும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரச்சாக்கும் இருக்கட்டும். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைப்பதில் நேரத்தைக் கழிக்காமல் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். முதலில் சில மணி நேரம் ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும். அதை நம்ப வேண்டாம்.

இனி நம் மலைக்கே உரிய ஒரு விஷயம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று மெலிந்தது. கீழே கடற்கரைப் பக்கம் ஒரு பெட்டியில் அடங்கும் காற்றைவிட, அதே பெட்டியில் இங்கே ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவாகவே இருக்கும். குளிர் காற்றைக் கொஞ்சம் இறுக்குகிறது. அதைச் சேர்த்துக்கொண்டும் அவ்வளவு குறைகிறது. ஈப்போவில் ஒருவர் ஊசியைத் திருகிச் சரிசெய்து தந்த இஞ்சினை இங்கே கொண்டுவந்து கிளப்பினால், எண்ணெய் வரத்து அதே அளவு, காற்றோ குறைவு. கலவை கெட்டியாகிவிடும். புகை அதிகம் வரும், இஞ்சின் தடுமாறும், பிளக் அணைந்து போகும். ஊசியைக் கொஞ்சம் மூட வேண்டும். எவ்வளவு என்பதைக் காதால்தான் கேட்டுச் சொல்ல முடியும்.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பையனின் தந்தை முன்னே வந்தார். “விடுங்க, நான் பாக்கிறேன்” என்றார். இஞ்சினைப் பட்டறை மேசையில் இறுக்கி, சரியான துண்டோடு புரொப்பெல்லரைப் பூட்டி, கிளப்பியிருந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊசியை நகக்கண் அளவு, மறுபடியும் நகக்கண் அளவு மூடினார். சத்தம் மேலே ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் நூல் இழுத்தாற்போல் சீரானது. உடனே அரைக்கால் சுற்றுத் திறந்து வைத்தார். “ரொம்ப மூடினா சூட்டுல புடிச்சுக்கும்டா” என்று மகனிடம் சொன்னார். இருபது வருடம் மருந்து மெஷினின் சத்தத்தைக் கேட்டு வாழ்ந்தவர் அவர். இந்தக் கனல் பிளக்கை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார். மகனுக்கு அப்பாவின் மேல் அன்று ஒரு புதுப் பார்வை விழுந்ததை நான் கவனித்தேன். கடைசியில் கொஞ்சம் திறந்துவைப்பது மிக முக்கியம். விமானம் மூக்கைத் தூக்கும்போது எண்ணெய் வரத்து சற்றுக் குறையும். அதற்கு இடம் கொடுக்காவிட்டால் இஞ்சின் நடுவானில் காய்ந்து பிடித்துக்கொள்ளும். இங்கே சரிசெய்த இஞ்சினைக் கீழே சமவெளிக்குக் கொண்டுபோனால் மறுபடியும் ஊசியைத் திறக்க வேண்டும் என்பதும் இதனால் விளங்கும். மெலிந்த காற்று இறக்கையையும் பாதிக்கிறது. அதே விமானம் இங்கே இறங்கும்போது சமவெளியைவிட நூற்றுக்கு ஆறேழு பங்கு கூடுதல் வேகத்தோடுதான் இறங்கும். மைதானம் கொஞ்சம் நீளமாக வேண்டும்.

கிளப்பும்போது புரொப்பெல்லரின் நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. கழன்றாலும் உடைந்தாலும் துண்டு அந்த வட்டத்தின் கோட்டிலேதான் பறக்கும். கிளம்பியபின் ஊசியைத் திருகுபவர் பின்பக்கம் வந்துவிட வேண்டும், முன்னால் கையை நீட்டக் கூடாது. விரலால் தட்டிக் கிளப்புவது வீரமல்ல. ரப்பர் சுற்றிய கம்போ மின்சார ஸ்டார்ட்டரோ பயன்படுத்துங்கள். கைலி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி ஆகாது. புரொப்பெல்லரில் சிறு கீறல் தெரிந்தாலும் முறித்துப் போட்டுவிடுங்கள். பிறகு யாரும் தெரியாமல் எடுத்து மாட்ட மாட்டார்கள்.

காரோடு வந்த வானொலிக் கருவியையும் விமானத்தில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அது இரண்டு வேலைகளுக்கே வழி உள்ளது, ஒன்று திருப்புவதற்கு, ஒன்று வேகத்துக்கு. எட்டும் தூரமும் குறைவு. கார் எட்டாத தூரம் போனால் நின்றுவிடும். விமானம் நிற்காது, யாருடைய தலையிலாவது விழும். விமானத்துக்கென்று உள்ள கருவியை வாங்கி, அலை துண்டித்தால் இஞ்சின் தானாக வேகம் குறையும்படி அமைக்க வேண்டும்.

அதற்குப் பணமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான். 1940களில் அமெரிக்காவின் ஜிம் வாக்கர் என்பவர் பரப்பிய முறை அது. விமானத்தின் இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் கைப்பிடிக்கு வரும். விமானம் உங்களைச் சுற்றி வட்டமடிக்கும். கைப்பிடியைச் சாய்த்தால் ஏறும், இறங்கும். வானொலியே வேண்டாம். பதினைந்து பதினெட்டு மீட்டர் கம்பி என்றால் ஒரு பள்ளிப் பந்துத் திடல் போதும். திரிங்காப் பக்கத்தில் சரிவெல்லாம் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். வானொலி விமானம் ஒன்று கை நழுவினால் யாரோ ஒருவருடைய ஆறு மாத உழைப்பின் மேல் போய் விழும். கம்பியில் கட்டிய விமானம் திடலைவிட்டுப் போகாது. ஆனால் மின்கம்பி அருகே இருக்கும் திடலில் இதைக் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. எஃகுக் கம்பி மின்கம்பியைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும். இடி முழக்கம் கேட்டாலும் நிறுத்திவிடுங்கள். வானொலி விமானம் விடுகிறவர்கள் 400 அடிக்கு மேல் போகாதிருக்க வேண்டும். மற்ற விதிகளை மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுக்கொள்வதும், தோட்ட நிர்வாகத்திடமோ பள்ளியிடமோ முன்கூட்டியே அனுமதி பெறுவதும் நல்லது.

பறந்து முடிந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் மலையிலோ பிற்பகலானால் மூடுபனி வந்து துணியே காய்வதில்லை. தொட்டியில் மிச்சத்தை விட்டுவைத்தால் ஒரு வாரத்தில் உள்ளே பேரிங் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே தொட்டியை வடித்துவிட்டு, இஞ்சினைக் கிளப்பி உள்ளே இருப்பதை எரித்துத் தீர்த்து, கார்புரேட்டர் வாயிலும் பிளக் துளையிலும் சில துளி இயந்திர எண்ணெய் விட்டு, புரொப்பெல்லரைக் கையால் ஏழெட்டு முறை சுற்றிவிட்டு, ஒரு துணியில் சுற்றி அடுப்படியின் வெதுவெதுப்பு எட்டும் அலமாரியில் வையுங்கள். எரிபொருள் டப்பா மட்டும் அங்கே வேண்டாம்.